சேவை இல்லத்தில் புதியவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமயத் தொண்டு அமைப்புகளில் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ தன்னார்வலராகச் சேர்ந்து, முன்பின் அறியாதவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கியிருப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதிய கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் மற்ற கடிதங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பதால், அதற்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 23. படிப்பு முடிந்ததும் ஓராண்டைக் கடவுளுக்கும் மக்களுக்கும் கொடுக்க விரும்பி ஒரு சேவை அமைப்பில் சேர்ந்தேன். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஐந்து தன்னார்வலர்களோடு ஒரே வீட்டில் வாழ்க்கை. இரண்டு மாதம் ஆகிறது. முதியோர் இல்லத்து வேலை கடினம் என்றாலும் மனநிறைவைத் தருகிறது. வீட்டுக்கு வந்தால்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு தோழி இரவில் சமைத்த பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள். முதலில் எழுந்திருக்கிற நான்தான் தேய்க்கிறேன். இன்னொருவர் காலைப் பிரார்த்தனையை நீட்டிக்கொண்டே போவதால் வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தனியாக உட்கார ஓர் இடம் இல்லை. தொண்டு செய்ய வந்த இடத்தில் இதையெல்லாம் குறையாகச் சொல்ல வெட்கமாக இருப்பதால் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் அன்பு போதாததால்தான் இப்படித் தோன்றுகிறதா? இந்த வாழ்க்கைக்கு நான் ஏற்றவள்தானா?

பதில்: பாத்திரமும் பிரார்த்தனையும் சரிசெய்யக்கூடிய காரியங்கள், சகோதரி. யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான். பொறுத்துப் போவதுதான் புண்ணியம் என்று நினைத்து இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பொறுமைக்கு அடியில் கோபம் சேர்ந்துகொண்டே போகிறது, அதைப் பார்த்து அன்பு இல்லையோ என்று உங்களையே சந்தேகப்படுகிறீர்கள்.

பௌத்தத் துறவிகளின் ஒழுங்குகளைக் கூறும் விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சி வருகிறது. கோசல நாட்டில் மழைக்காலத்தின் மூன்று மாதங்களை ஒன்றாகத் தங்கிக் கழிக்கவிருந்த சில பிக்குகள், சச்சரவில்லாமல் இருக்க வழி என்னவென்று யோசித்து, ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். பிச்சை ஏற்று முதலில் திரும்புகிறவர் இருக்கைகளை விரித்துக் கால் கழுவ நீர் வைக்க வேண்டும். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, உண்ணும் இடத்தைப் பெருக்க வேண்டும். நீர்க்குடம் காலியாக இருப்பதைக் காண்கிறவர் அதை நிரப்ப வேண்டும். தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையசைத்து இன்னொருவரைத் துணைக்கு அழைக்கலாம், வாய் திறக்கக் கூடாது. வேலைப் பங்கீட்டைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் காண முடியாது. ஆனால் மழைக்காலம் முடிந்து அவர்கள் சாவத்தியில் புத்தரைச் சந்தித்து, ஒற்றுமையாகவும் சுகமாகவும் வாழ்ந்தோம் என்று சொன்னபோது அவர் மெச்சவில்லை. சுகமில்லாமல் வாழ்ந்துவிட்டுச் சுகமாக வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள் என்றும், ஆடுமாடுகள் சேர்ந்து கிடப்பதுபோல் இருந்திருக்கிறார்கள் என்றும் கடிந்துகொண்டார். பவாரணை என்ற சடங்கை அவர் வகுத்தது இந்த நிகழ்ச்சியை ஒட்டித்தான். மழைக்காலத் தங்கலின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும், மூத்தவரிலிருந்து தொடங்கி, தம்மிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஏதேனும் இருந்தால் இரக்கம் வைத்துச் சொல்லுங்கள் என்று சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்கிறார். குறை சொல்லும்படி மூத்தவரே முதலில் வேண்டிக்கொள்வதால், இளையவரின் வாய்ப்பூட்டு தானாகவே கழன்றுவிடுகிறது.

வாய் திறந்தால் அது முணுமுணுப்பாகிவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். 6ஆம் நூற்றாண்டில் துறவு இல்லங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட் முணுமுணுப்பைப் போல வேறெதையும் அத்தனை முறை கண்டித்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதே பெனடிக்ட், முக்கியமான எதையும் முடிவு செய்யுமுன் இல்லத்தார் அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறார். சிறந்த வழியைக் கடவுள் பல நேரங்களில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அவர் சொல்லும் காரணம். ஆகவே குறையைச் சொல்வதை அவர் தடுக்கவில்லை. சரிசெய்யக்கூடியவரிடம் சொல்லாமல் மனதுக்குள் புழுங்குவதும், அதற்குச் சம்பந்தமில்லாத மூன்றாமவரின் காதில் போடுவதும்தான் வீட்டைக் கெடுக்கின்றன. இரண்டு மாதம் ஆனவர் எப்படிப் பேசுவது என்று தயங்காதீர்கள். பழகிப்போனவர்களின் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் படும் காலம் இது.

சமையலறை விஷயத்துக்கு வருகிறேன். பெனடிக்டின் ஒழுங்கில் சமையலறை வேலை வாரத்துக்கு ஒருவராக முறை மாறுகிறது. வாரக் கடைசியில் முறை முடிகிறவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறார், சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்கிறார். பிறகு முறை முடிகிறவரும் முறை ஏற்கிறவருமாகச் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவுகிறார்கள். பாத்திரங்களைக் கழுவி, உடையாமல் பழுதில்லாமல் பண்டசாலைப் பொறுப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க, அவர் அவற்றை அடுத்தவர் கையில் கொடுக்கிறார். எதைக் கொடுத்தோம், எது திரும்பி வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால் கழுவும் தாழ்மையையும் பாத்திரக் கணக்கையும் ஒரே அத்தியாயத்தில் அவர் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். யார் எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாக வகுப்பதால் அன்பு குறைந்துவிடும் என்று அவர் கருதவில்லை. பலவீனமானவர்கள் மனவருத்தமின்றிப் பணிசெய்ய அவர்களுக்கு உதவியாள் தர வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இரவுப் பாத்திரம் யாருடையது என்று இதுவரை யாரும் பேசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆறு பேரும் ஆறு விதமான வீடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். சமைத்தவரே கழுவ வேண்டும் என்பது ஒரு வீட்டுப் பழக்கம். சமைத்தவருக்கு ஓய்வு, மற்றவர்கள் கழுவுவார்கள் என்பது இன்னொரு வீட்டுப் பழக்கம். உங்கள் தோழி இரண்டாவது வகை வீட்டில் வளர்ந்தவராக இருந்தால், தன் பங்கைச் செய்துவிட்ட நிம்மதியோடுதான் ஒவ்வோர் இரவும் தூங்கப் போகிறார். நீங்கள் காலையில் சத்தமில்லாமல் தேய்த்து வைத்துவிடுவதால், அவருக்கு வேறு விதமாக நினைக்கக் காரணமே இல்லை.

அவரிடம் தனியாகப் பேசுங்கள். வேலை முடிந்து வந்த அலுப்போடு, பாத்திரத் தொட்டி முன்னால் நின்றுகொண்டு பேச வேண்டாம். உண்டு முடித்து இருவரும் நிதானமாக இருக்கும் நேரத்தில், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: “நேற்று அடிப்பிடித்த பெரிய பாத்திரம் காலைக்குள் காய்ந்து இறுகிவிட்டது. அதைத் தேய்த்து முடிப்பதற்குள் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. இரவே கழுவ முடியுமா, இல்லை நாம் முறை வைத்துக்கொள்ளலாமா?” எப்போதும் நீ இப்படித்தான் என்ற பேச்சு அதில் வரக் கூடாது. அவர் பதில் சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். அவருடைய வேலையின் சுமை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அதன் பிறகு வாரக் கூட்டத்தில் முறைப்பட்டியல் ஒன்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாரக் கூட்டம் என்ற ஒன்றே உங்கள் வீட்டில் இல்லையென்றால், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். இத்தகைய இல்லங்களோடு எனக்குள்ள பழக்கத்தில், நாளும் நேரமும் குறித்து வாரம் ஒருமுறை உட்கார்ந்து வீட்டுக் காரியங்களைப் பேசும் இல்லங்களில் சண்டையே வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வருகிற சண்டை சிறியதாக இருக்கும்போதே வெளியே வந்துவிடுகிறது.

நீண்ட பிரார்த்தனையைப் பற்றிக் குறை சொல்வதுதான் உங்களுக்கு அதிக வெட்கமாக இருக்கும். கடவுளோடு பேசுவதற்குக் கடிகாரம் பார்ப்பதா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம் இயல்பானது. இதற்கும் பெனடிக்டே துணைக்கு வருகிறார். தனிப் பிரார்த்தனை அருளின் தூண்டுதலால் நீளலாம். கூட்டாகச் செய்யும்போது அது சுருக்கமாக இருக்க வேண்டும், தலைவர் அடையாளம் காட்டியதும் எல்லாரும் சேர்ந்து எழுந்துவிட வேண்டும் என்கிறார். வாழ்நாள் முழுவதையும் பிரார்த்தனைக்கு ஒப்படைத்தவர்களுக்கே இந்த ஒழுங்கு தேவைப்பட்டது என்றால், முதியவர் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்க ஓட வேண்டிய உங்களுக்கு அது கூடாதா? முடியும் நேரத்தை வீட்டார் சேர்ந்து குறித்துவிடுங்கள். தொடர விரும்புகிறவர் அங்கேயே இருந்து தொடரட்டும்.

தனிமை வேண்டும் என்ற விருப்பத்தைக் குற்றமாக எண்ணவே வேண்டாம். நாள் முழுவதும் மனிதர்களைத் தூக்கி, துடைத்து, கேட்டு, ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறவருக்கு அது பசியைப் போன்ற ஒரு தேவை. தனி அறை கிடைக்காத வீட்டில் தனி நேரத்தையாவது ஏற்படுத்திக்கொள்ளலாம். வேலையிலிருந்து வந்த முதல் அரைமணி நேரம் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வீட்டார் ஒப்புக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும். ஜெர்மனியில் 1935 முதல் 1937இல் ரகசியக் காவல்துறையினர் மூடும் வரை ஃபிங்கன்வால்டேயில் இறைப்பணி மாணவர்களோடு கூட்டாக வாழ்ந்த கிறிஸ்தவ இறையியலாளர் போன்ஹோஃபர், அவரவர் தனியே அமைதியாகத் தியானிக்கும் நேரத்தை அன்றாட ஒழுங்கிலேயே சேர்த்திருந்தார். அந்த இல்லத்தின் இன்னொரு விதியும் நீங்கள் அறிய வேண்டியது. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி மற்றவர்கள் பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால், பேசியதை அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வாரக் கூட்டத்தில் முதலில் முன்வைக்க ஒரு விதி வேண்டுமென்றால் இதையே வையுங்கள்.

இந்த வாழ்க்கைக்கு ஏற்றவள்தானா என்ற கேள்விக்கு இரண்டாம் மாதத்தில் விடை தேட வேண்டாம். பெனடிக்ட் புதிதாக வருகிறவருக்கு இரண்டு மாதம் கழித்து ஒழுங்குகள் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்கிறார், பிறகு ஆறு மாதம் கழித்து, அதன்பின் நான்கு மாதம் கழித்து, ஆக ஓராண்டில் மூன்று முறை. முதல் வாசிப்பின்போதே, இதுதான் நீ ஏற்கப்போகும் நெறி, முடிந்தால் உள்ளே வா, இயலாவிட்டால் தாராளமாகப் போகலாம் என்று சொல்லப்படுகிறது. நீங்கள் முதல் வாசிப்பின் கட்டத்தில்தான் நிற்கிறீர்கள். அதுவும் பேச வேண்டியதைப் பேசாமலே நிற்கிறீர்கள். பேசிவிட்டு, மாற்றங்களுக்குச் சில வாரங்கள் இடம் கொடுத்து, அதன்பின் இந்தக் கேள்வியை எடுங்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் வரும் சிறு படித்தொகையைப் பொதுப்பணமாகச் சேர்த்துச் செலவு செய்கிறோம். என் பெற்றோர் எனக்கென்று தனியாகப் பணம் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அதைப் பொதுப்பணத்தில் போடாமல் வைத்திருப்பது மனதை உறுத்துகிறது. போட்டுவிட்டால் பெற்றோர் வருந்துவார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கிறிஸ்தவ மறைநூலின் திருத்தூதர் பணிகள் நூலில், உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்ந்த முதல் சபையாரின் நடுவே அனனியா, சப்பிரா என்ற தம்பதியர் நிலத்தை விற்று, ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட செய்தி வருகிறது. இருவரும் விழுந்து இறந்துபோன அந்தக் கடுமையான முடிவு பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் திருத்தூதர் பேதுரு அங்கே கேட்ட கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. நிலம் விற்கப்படுமுன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்னும் பணம் உன் உரிமையில்தானே இருந்தது என்கிறார். வைத்துக்கொண்டதை அவர் குற்றமாக்கவில்லை. பொய் சொன்னதைத்தான் குற்றம் என்றார்.

ஆகவே முதலில் மறைக்காதீர்கள். வீட்டுக் கூட்டத்தில், எனக்கு வீட்டிலிருந்து இப்படிப் பணம் வருகிறது, இதை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். அமைப்பின் விதி தெளிவாக இருந்தால் அதன்படி நடந்துவிடுங்கள். விதி இல்லாவிட்டால், மருத்துவம், வீட்டுக்கான பயணம் போன்ற தேவைகளுக்கென்று பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. அன்றாடம் அதை எடுத்து மற்றவர்களுக்கு இல்லாத வசதிகளை வாங்கிக்கொள்வது வேறு. பொதுப்பணத்திலிருந்து வாங்கியதை எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் மேசையில் ஒருவர் மட்டும் தனியாக வாங்கியதை வைத்து உண்டால், யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மேசையின் பேச்சு மாறிவிடும். பெற்றோருக்கு, நான் இங்கே பசியோடு இல்லை என்று ஒரு நீண்ட கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தக் கவலைதான் பணமாக வருகிறது.

கேள்வி: நான் வளர்ந்த முறையில் பிரார்த்தனை என்றால் அமைதி. இங்கே எல்லாரும் உரத்த குரலில், உணர்ச்சியோடு வேண்டுகிறார்கள். என்னால் அப்படி முடியவில்லை. முடிந்ததுபோல் நடிக்கவும் மனம் வரவில்லை.

பதில்: நடிக்க வேண்டாம், விலகிப் போகவும் வேண்டாம். கூட்டுப் பிரார்த்தனையில் உடன் அமர்ந்திருப்பதே உங்கள் பங்கு. அவர்களுடைய குரலை உங்கள் அமைதியால் தாங்கிக்கொள்ளுங்கள். வழிநடத்தும் முறை உங்களுக்கு வரும்போது, நீங்கள் அறிந்த விதத்தில் சில நிமிட மௌனத்தைக் கொடுங்கள். சகோதரர் ரோஜர் 1940இல் வந்து குடியேறிய பிரெஞ்சுக் கிராமமான தெய்சேயில் பின்னாளில் உருவான துறவு இல்லத்தில், பல்வேறு கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். அவர்களுடைய கூட்டு வழிபாட்டில் திரும்பத் திரும்பப் பாடும் சிறு பாடல்களும் உண்டு, நடுவே நீண்ட மௌனமும் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எது கட்டாயம், எது விருப்பம் என்பதை மட்டும் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஊகித்துக்கொண்டு சங்கடப்பட வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஒரு சமய சேவை இல்லத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆரம்பத்தில் வாரந்தோறும் பேசினான். இப்போது இல்லத் தலைவர் அனுமதித்தால்தான் பேச முடியும் என்கிறான். அடையாள ஆவணங்களையும் அவரே வாங்கி வைத்திருக்கிறாராம். கேட்டால், கீழ்ப்படிதலும் ஒரு தவம்தான் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறான். இது பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்கா, கவலைப்பட வேண்டிய விஷயமா?

பதில்: கவலைப்பட வேண்டிய விஷயம், ஐயா. மேலே மற்ற கடிதங்களுக்கு நான் எழுதிய பொறுமை, பேச்சு, இடம் கொடுத்தல் எதுவும் இதற்குப் பொருந்தாது.

கூட்டு வாழ்வில் கட்டுப்பாடு உண்டு. சாப்பாட்டு மேசையில் கைபேசி கூடாது, இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் அமைதி காக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் எல்லாருக்கும் பொதுவாக, சேரும்போதே எழுத்தில் சொல்லப்பட்டு, தலைவரையும் கட்டுப்படுத்துபவையாக இருந்தால் அவற்றில் குறை காண மாட்டேன். குடும்பத்தோடு பேசுவதற்கு ஒரு தனிமனிதரின் அனுமதி தேவைப்படுவதும், வெளியேற நினைத்தால் வெளியேற முடியாதபடி ஆவணங்கள் அவர் கையில் இருப்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தன்னார்வலராக வந்தவருக்கு எந்த நாளும் எழுந்து போகும் உரிமை இருக்க வேண்டும்.

தலைவர் பக்தியுள்ளவர், ஊரே மதிக்கிறது என்பதை ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் அது இல்லாதவர்களும் ஒரே வீட்டில் வாழும் லார்ஷ் இல்லங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ழான் வனியே, உலகெங்கும் புனிதரைப் போல மதிக்கப்பட்டவர். அவருடைய மறைவுக்குப் பின், ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல்ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தினார் என்று விசாரணையில் தெரியவந்ததை அந்த அமைப்பே 2020இல் வெளியிட்டது. அந்த இல்லங்களில் அன்போடு பணிசெய்த எத்தனையோ பேரின் உழைப்பு இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் எந்த மனிதரையும் வைக்கக் கூடாது என்பதை அது உரக்கச் சொல்லிவிட்டது.

மகனை நேரில் போய்ப் பாருங்கள். தலைவர் உடனிருக்கும் அறையில் பேசாமல், வெளியே அழைத்துச் சென்று பேசுங்கள். தலைவரைப் பற்றிக் கடுமையாகப் பேசித் தொடங்கினால் அவன் அவருக்காக வாதாடத் தொடங்கிவிடுவான்; அவன் எப்படித் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், யாரோடு பழகுகிறான் என்று கேளுங்கள். ஆவணங்களைத் திருப்பிக் கேட்கும்படி சொல்லுங்கள். கேட்டதற்குக் கிடைக்கும் பதிலே நிறையத் தெரிவித்துவிடும். அந்த இல்லம் ஒரு பெரிய அமைப்பின் கீழ் இருந்தால், அதன் தலைமையிடத்தில் முறையீடுகளைக் கவனிப்பவர் யாரென்று விசாரித்து எழுத்தில் தெரிவியுங்கள். எழுதியதன் பிரதி உங்களிடம் இருக்கட்டும். மிரட்டலோ அடியோ இருப்பதாகத் தெரிந்தால், அல்லது ஆவணங்களைத் தர மறுத்தால், சமய மேலிடத்தின் பதிலுக்குக் காத்திராமல் காவல்துறையிடம் போக வேண்டும்.

பயணத்துக்கான பணத்தை அவன் கையிலேயே கொடுத்து வையுங்கள். திரும்பி வர அவன் முடிவு செய்தால், ஏற்றுக்கொண்ட ஆண்டு முடியவில்லையே என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.